மாறிக் கட்டிய காப்பு

"இன்னைக்கு எத்தனைங்க மாமா?"

"பத்தே முக்கால்."

"நேத்து?"

"பதினொண்ணு இருந்துச்சு. எல்லாம் அந்த முறுக்கு பண்ணுன வேலை."

"ஒரு முறுக்குக்கா மூணு மாசம் போயிருமுங்க?"

"போயிருச்சே. இங்க பாரு."

குழந்தைவேலு மணிக்கட்டை நீட்டினார். விரல் அகலத்தில் ஒரு கறுப்புப் பட்டை. ஊரில் எல்லாரும் அதைக் காப்பு என்றுதான் சொன்னார்கள். அதன் மேல் ஓடிய எண், அவருடைய சிறுநீரகம் இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்கிற கணக்கு. சிறுநீரகம் அவருடையதுகூட அல்ல. மனைவி சுகந்தியின் இடப்பக்கத்திலிருந்து எடுத்து அவருடைய அடிவயிற்றில் வைத்துத் தைத்தது.

"மன்னிச்சுக்கோ புள்ள."

"முறுக்குச் சுட்டவ நானுங்க. நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க?"

"நீ குடுத்த பொருளை ஒழுங்கா வச்சுக்கத் துப்பில்லாமப் போச்சே எனக்கு."

காலைக் காபிக்கு முன்னால் மன்னிப்பு. மத்தியானம் சோற்றைத் தராசில் வைக்கும்போது நன்றி. ராத்திரி படுக்கும்போது மறுபடி மன்னிப்பு. அறுவை முடிந்து ஒரு வருடமாக இதுதான் அந்த வீட்டுப் பேச்சு.

காப்பைக் கட்டிவிட்ட அன்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பர்வீன் நிதானமாகத்தான் விளக்கினார்.

"மாத்தி வச்சாச்சு, இனி கவலையில்லைன்னு நினைச்சுடாதீங்க ஐயா. ரத்தத்துல மூணு விஷயத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணும். கால்சியம், பாஸ்பரஸ், மெக்னீசியம்."

குழந்தைவேலு திருச்செங்கோட்டில் ஆழ்துளை ரிக் லாரிகளுக்கு பாடி கட்டுகிற பட்டறைக்காரர். அவருக்குப் புரிந்த மாதிரி கேட்டார். "ஆயிலு, கிரீஸு, ரேடியேட்டர் தண்ணி மாதிரிங்களா?"

"அப்படியே வச்சுக்குங்க. டயாலிசிஸ்ல இருந்த வருஷங்கள்ல உங்க கழுத்துல இருக்கிற நாலு குட்டிச் சுரப்பி, எலும்புல இருந்து கால்சியத்தை இழுத்துப் பழகிடுச்சு. புது சிறுநீரகம் வந்தாலும் அந்தப் பழக்கம் சட்டுன்னு விடாது. நீங்க சாப்பிடுற மாத்திரை மெக்னீசியத்தை வெளியே தள்ளும். இந்த மூணும் எப்படி ஏறி இறங்குதுன்னு பாத்தா, சிறுநீரகம் எத்தனை வருஷம் தாங்கும்னு இப்பவே கணக்குப் போட்டுடலாம்."

"ஆயுசையே சொல்லீருமுங்களா?"

"ஜோசியம் இல்லைங்க ஐயா. கணக்கு. தோளெலும்புக்குக் கீழே கடுகளவு ஒரு விதை வச்சிருக்கோம். அது எந்நேரமும் ரத்தத்தைப் பாத்து, உங்க காப்பு எங்க இருந்தாலும் அதுக்குச் சொல்லும். எங்களுக்குக்கூட வராது. முன்னெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. இன்சூரன்ஸ்காரங்க எட்டிப் பாக்குறாங்கன்னு நோயாளிங்க வழக்குப் போட்டு நிறுத்திட்டாங்க. இப்ப உங்க ரத்தம், உங்க காப்பு. நீங்க வர்றப்ப காட்டுனாத்தான் நாங்க பாப்போம்."

பிறகு சுகந்தியின் பக்கம் திரும்பி இன்னொரு காப்பை நீட்டினார்.

"எனக்கெதுக்குங்க டாக்டர்? நான் குத்துக்கல்லாட்ட இருக்கறேன்."

"குடுத்தவங்களுக்கும் விதை வைக்கணும்னு சட்டமே இருக்கும்மா. உங்ககிட்டயும் இப்ப ஒண்ணுதானே இருக்கு?"

சுகந்தி வாங்கிக்கொண்டு வந்து சாமி அலமாரியில் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பின்னால் வைத்தாள். அதில் இருபது என்று காட்டியது. இருபதுக்கு மேல் அந்தக் காப்பு காட்டாது. அத்தோடு அதை மறந்துபோனாள்.

குழந்தைவேலுவால் அப்படி மறக்க முடியவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலையை ஒரு தடவை பார்ப்பார், மணிக்கட்டை ஒரு தடவை பார்ப்பார், எழுந்துவிடுவார். பிறகு கல்யாணங்களுக்கே போவதை நிறுத்தினார். பட்டறையில் வெல்டிங் பொறி பறக்கிற நேரத்தில்கூடக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு எண்ணைப் பார்த்தார். சிரிப்பதை எப்போது விட்டார் என்று சுகந்திக்கே தெரியவில்லை.

அவருடைய அக்கா சரசு அடுத்த தெருவில்தான் இருந்தாள். ஒரு நாள் முருங்கைக்கீரையோடு வந்தவளிடம் சுகந்தி கொட்டித் தீர்த்தாள்.

"என்னால முடியலீங்க நங்கையா. புருசனுக்கு ஒரு உறுப்பைக் குடுத்தேன். அந்த மனுசன் என்னைய சாமியாக்கிப்போட்டாரு. சண்டை போட ஆளில்ல. உப்பு கம்மின்னு ஒரு வார்த்தை சொல்லறதில்ல."

"அட, எங்கூட்டுல உப்பு கம்மின்னா தட்டுப் பறக்குது. நீ என்னமோ பெரிய கொறையாச் சொல்லற?"

"வெளையாடாதீங்க. நம்பர் கொறைஞ்சா அழுவறாரு. அழுதா சாப்புடறதில்ல, தூங்கறதில்ல. அதுல இன்னுங் கொறையுது."

"உன்ற காப்பு எத்தனை காட்டுது?"

"இருபது. அதுக்கு மேல அதுல எண்ணே இல்லைங்களாமா."

"அப்ப அதை அவன் கையில கட்டியுடு. பாத்துட்டுச் சந்தோசமாக் கெடக்கட்டும்."

சரசு சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சுகந்தி சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் குழந்தைவேலு காப்பைக் கழற்றி வழக்கம்போல சாமி அலமாரியில் வைத்தார். இரண்டும் ஒரே அச்சு, ஒரே கறுப்பு. சீயக்காய் வாசனையோடு அவர் திரும்பி வந்தபோது, சுகந்தி அவருடைய கையைத் துடைத்துத் தானே காப்பைக் கட்டிவிட்டாள்.

"ஏ புள்ள! இருபது காட்டுது!"

"ஆமாங்க, போன்ல சேதி வந்துச்சு. கணக்குப் போடறதைப் புதுசா மாத்திப்போட்டாங்களாமா. பழசுல தப்பு இருந்துச்சாமா."

"அப்படீங்கற?"

"அப்படித்தானுங்க."

அவர் எண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அந்த முறுக்கு டப்பா எங்க இருக்குது?" என்றார்.

அவருடைய காப்பைச் சுகந்தி தன் கையில் கட்டிக்கொண்டாள். ஜோடியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆசை வந்துவிட்டதாகச் சொன்னாள். அன்றிலிருந்து அவருடைய ரத்தம் அவளுடைய மணிக்கட்டில் ஓடியது. பாஸ்பரஸ் ஏறினால் அன்றைக்குப் பருப்பு குறையும். மெக்னீசியம் இறங்கினால் பொரியலில் பூசணி விதை விழும். குழந்தைவேலு எதையும் கேட்கவில்லை, போட்டதைச் சாப்பிட்டார். கல்யாணங்களுக்குப் போனார். சம்பந்தி வீட்டுச் சாம்பாரைக் குறை சொன்னார். சுகந்தியோடு டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட்டார். அவளுடைய கையில் பத்தே முக்கால் பன்னிரண்டாகி, மெல்ல மெல்லப் பதினாலுக்கு வந்து நின்றது.

"முருகா, இதுக்கு மேல என்ன கேப்பேன்" என்று அவள் ஒவ்வொரு வளர்பிறைச் சஷ்டிக்கும் பச்சைத் தண்ணீரோடு இருந்தாள். அவர் டயாலிசிஸில் கிடந்த நாளிலிருந்து இருக்கிற விரதம். அவருக்குச் சொன்னால் அதற்கும் ஒரு மன்னிப்பு வருமென்று சொல்லாமலே இருந்தாள்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் திருச்செங்கோட்டிலேயே முடிந்ததால் கோயமுத்தூரில் காப்பைக் காட்ட வேண்டி வரவில்லை.

ஒரு மத்தியானம் குழந்தைவேலு தயிர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"ஏனுங்க, புளிச்சுப் போச்சா?"

"இல்ல. இனிமே எனக்குத் தயிர் வேண்டாம்."

குழம்பில்லாமல் இருப்பார், பொரியலில்லாமல் இருப்பார். தயிரில்லாமல் அந்த மனிதர் ஒரு வேளை சாப்பிட்டு எழுந்ததில்லை. டயாலிசிஸ் காலத்தில் தயிரை நிறுத்தச் சொன்னபோதுதான் முதல் தடவையாக டாக்டர் முன்னால் அழுதார்.

"என்னாச்சுங்க?"

"கால்சியம் ஏறிக்கிட்டே இருக்குது. நம்பர் பதினேழுக்கு வந்திருச்சு. ஆமா, உனக்கு ஒடம்பு எப்படி இருக்குது? சும்மா தண்ணி தண்ணிங்கறே, கால் ஒளையுதுங்கறே. நீயும் ஒருக்காப் போயிக் காட்டிக்கலாமில்ல?"

"எனக்கென்ன கேடு? வயசாகுது. நீங்க சாப்புடுங்க."

சமையலறைக்குள் போய்க் கரண்டியை வைத்தாள். அவர் கையில் இறங்குவது அவருடைய எண் அல்ல. அவளுடையது. அவளிடம் மிச்சமிருக்கிற ஒற்றைச் சிறுநீரகத்தின் எண்.

அடுத்த வாரம் பதினாறு. அதற்கடுத்த மாதம் பதினாலரை. அவர் பால் காபியையும் விட்டுக் கடுங்காபிக்கு வந்தார். கன்னம் ஒட்டிக்கொண்டே போனது.

"சொல்லிப்போடு அம்மிணி," என்றாள் விஷயமெல்லாம் கேட்ட சரசு. "நெலவரம் கைமீறிப் போவுது."

"எப்படீங்க நங்கையா சொல்லுவேன்? ஒரு முறுக்குக்கு மன்னிப்புக் கேட்ட மனுசன். எனக்கு இருந்த ரெண்டுல ஒண்ணை வாங்கிக்கிட்டேன், மிச்சமும் போவுதுன்னு தெரிஞ்சா அவரு உசுரோட இருப்பாரா? பதினாலு வருசம் ஓட வேண்டியதை மனசாலயே நிறுத்திப்போடுவாரு."

"அதுக்கு நீ சாவறதா?"

சுகந்தி எழுந்தாள். சொம்பை எடுத்து மறுபடி தண்ணீர் குடித்தாள்.

அன்று சாயங்காலம் குழந்தைவேலுவே பேச்சை எடுத்தார்.

"வெள்ளிக்கிழமை கோயமுத்தூர் போலாம். எனக்குக் காட்டணும். பதிமூணுக்கு வந்திருச்சு. தனியாப் போக ஒரு மாதிரி இருக்குது. துணைக்கு வா."

"உங்களுக்குன்னா வாரேனுங்க."

பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் கணக்குப் போட்டாள். டாக்டர் காப்பைப் பார்க்குமுன் மாற்றிக் கட்டிவிட வேண்டும். அவருக்கு நல்லபடியாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவளுடையதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவிநாசி தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"காப்பு ஒரே அழுக்காக் கெடக்குது. கழட்டிக் குடுங்க, தொடைச்சுத் தாரேன்."

"கெடக்கட்டும்."

"டாக்டரம்மா என்ன நெனைப்பாங்க?"

"பட்டறைக்காரன்னு நெனைப்பாங்க. பேசாம வா."

ஆஸ்பத்திரியில் வரிசையாக நாற்காலிகள். அவர் கைகழுவப் போவார், அப்போது கேட்டு வாங்கிவிடலாம் என்று காத்திருந்தாள். அவர் அசையவே இல்லை. நர்ஸ் கதவைத் திறந்தாள்.

"சுகந்தி குழந்தைவேலு. ரத்தம் எடுக்க வாங்க."

"நான் இல்லைங்கம்மிணி, காட்ட வந்தது இவரு."

"இல்லம்மா, உங்க பேர்லதான் டோக்கன். ஐயாதான் போன்ல சொன்னாரு."

சுகந்தி திரும்பிப் பார்த்தாள். குழந்தைவேலு எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வா புள்ள. நானு இங்கேயேதான் இருப்பேன்."

முடிவு வந்ததும் டாக்டர் பர்வீன் இருவரையும் உட்கார வைத்தார். இரண்டு காப்பையும் வாங்கித் திருப்பி உட்பக்கத்தில் பொறித்திருந்த நோயாளி எண்களைப் பார்த்தார். அப்புறம் இருவரையும் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருசம் இருக்குமுங்க," என்றார் குழந்தைவேலு.

"நாந்தானுங்க டாக்டர்," என்றாள் சுகந்தி. "அவரு நிம்மதியா இருக்கோணும்னு நாந்தான்... அவருக்குத் தெரியாதுங்க..."

"அட, தெரியும் புள்ள."

சுகந்தி அவர் பக்கம் திரும்பினாள்.

"எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"நீ கட்டியுட்டு ஒரு மாசங்கூட ஆகலை. பரமத்தியில மாப்பிள்ளை அழைப்பு. ஆட்டுக்கறி, எலும்புக்கொழம்பு, குடல் வறுவல்னு ஒரு புடி புடிச்சிட்டு ஏப்பம் உட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கறேன். கையில கட்டுனாத்தான் வாய் திறக்கற இந்தக் காப்பு பேசுது. 'காலையிலிருந்து உணவு எடுத்துக்கொள்ளவில்லை. தயவுசெய்து உணவருந்தவும்'னு. பக்கத்துல இருந்தவன் என்ற வயித்தையும் காப்பையும் மாத்தி மாத்திப் பாக்கறான். அட என்ன கருமம்னு யோசிச்சா, காலையில நீ வாயில ஒண்ணும் போடலைன்னு உறைச்சுது, காலண்டரைப் பாத்தேன். சஷ்டி."

சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விரதம் சாமிக்குத்தானுங்களே..." என்றாள். "அது ரத்தத்துல தெரியும்னு எனக்குத் தோணவே இல்லைங்களே."

"அடுத்த மாசமும் சொல்லுச்சு. அதுக்கு அடுத்த மாசமும். பட்டறையில நாலு பேருக்கு நடுவுல என்னைய உணவருந்தவும் உணவருந்தவும்னு மானத்தை வாங்குச்சு. எனக்காக நீ பட்டினி கெடக்கறேன்னு நீ சொல்லலை. உன்ற ரத்தம் சொல்லுச்சு."

"அப்பவே மாத்திக் கேட்டிருக்கலாமுங்களே!"

"எதுக்குக் கேக்கோணும்? என்றதை நீ பாத்துக்கிட்டே. உன்றதைப் பாக்க யாரு இருந்தாங்க? திருநீறு கிண்ணந்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. எனக்குன்னு இருந்தப்ப அந்த நம்பர் பேயாட்ட இருந்துச்சு. உன்றதுன்னு ஆனப்புறம் பாக்கறதுக்கே நல்லா இருந்துச்சு. தெனமும் எந்திரிச்சதும், ம், அவ நல்லா இருக்கறான்னு பட்டறைக்குப் போவேன்."

சுகந்திக்குச் சட்டென்று ஏதோ உறைத்தது.

"அப்ப அந்தத் தயிரு? உங்களுக்கு ஏறலைன்னு தெரிஞ்சும் எதுக்குங்க நிறுத்துனீங்க? வத்தலாட்டக் காஞ்சு போயிட்டீங்களே!"

குழந்தைவேலு கூச்சத்தோடு டாக்டரை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"நீ எனக்குச் சஷ்டி இருந்தே. எனக்கு விரதமெல்லாம் வராது, மாத்திரை முழுங்கற ஒடம்பு. எனக்குத் தெரிஞ்சது தயிருதான். உனக்கு நல்லாகற வரைக்கும் தொடறதில்லைன்னு நம்மூரு மலைக்கு நேராக் கையெடுத்துச் சொல்லிப்போட்டேன்."

டாக்டர் பர்வீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டபோது குரலைக் கொஞ்சம் கண்டிப்பாக்கிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் செஞ்சது தப்பு. இவங்களை இன்னும் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணும் ஐயா."

"கூப்புட்டேனுங்க. தனக்குன்னா வரமாட்டா. எனக்குன்னா எமலோகத்துக்குக்கூட வருவா. அதான் எனக்குன்னு சொன்னேன்."

"மாமா, வாயை மூடுங்க. டாக்டர், எனக்கு என்னங்க? மிச்சமிருந்ததும் போச்சுங்களா?"

"போகலைம்மா. சிறுநீரகத்துல ஒண்ணுமே இல்லை. கழுத்துல இருக்கிற நாலு சுரப்பியில ஒண்ணு மட்டும் வீங்கிக்கிட்டு கால்சியத்தை அள்ளி ரத்தத்துல கொட்டுது. அதனாலதான் தாகம், கால் உளைச்சல். இப்படியே விட்டிருந்தா சிறுநீரகம் கெட்டிருக்கும். அந்த ஒண்ணை எடுத்துட்டா சரியாப் போயிடும், எண்ணும் ஏறிடும். இது தானம் குடுத்ததாலயும் வந்ததில்லை. யாருக்கு வேணும்னாலும் வரும். ஐயா, இதை நல்லாக் கேட்டுக்குங்க. உங்களால இல்லை."

"என்னால இல்லைங்களா?"

"இல்லைங்க."

குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. சுகந்தி முந்தானையை நீட்டினாள். அவர் அதில் மூக்கைச் சிந்தினார். "அய்யே, இப்பத்தான் தொவைச்சது" என்றாள் அவள்.

"இன்னொண்ணு," என்றார் டாக்டர். "ஐயா உங்க நிஜக் கணக்கு இது. நீங்க தினமும் பாத்துக்கிட்டு இருந்தப்ப பத்தே முக்கால். பாக்காம இருந்தப்ப பதினாலுக்கு ஏறியிருக்கு. இதை வச்சு எங்க ஆளுங்ககிட்டப் பேசணும். நோயாளி கையிலேயே எண்ணைக் கட்டிவிட்டது சரிதானான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு." காப்புகளை மேசையில் வைத்தார். "சட்டப்படி அவங்கவங்களது அவங்கவங்க கையிலதான் இருக்கணும். நான் போய்க் கைகழுவிட்டு வர்றேன். அதுக்குள்ள கட்டிக்குங்க."

அவர் திரும்பி வந்தபோது இருவரும் கட்டிக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்கள். எது யார் கையில் என்று டாக்டர் திருப்பிப் பார்க்கவில்லை.

அறுவை அன்று காலையில் சுகந்தியை உள்ளே கொண்டுபோன பின், நர்ஸ் அவளுடைய தாலி, தோடு, காப்பு மூன்றையும் ஒரு கவரில் போட்டுக் குழந்தைவேலுவிடம் கொடுத்தாள். அவர் தாலியைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, அந்தக் காப்பை இன்னொரு கையில் கட்டிக்கொண்டார். பக்கத்தில் சரசு தூக்குப் போசியோடு உட்கார்ந்திருந்தாள்.

"நம்மூரு மலை மேல சாமி பாதி ஆம்பளை பாதி பொம்பளையா நிக்குது. நீ என்னடான்னா ரெண்டு கையிலயும் ரெண்டு பேரைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கற."

"சும்மா இருக்கா."

அப்போது இடது கைக் காப்பு பேசியது. "நேற்று இரவிலிருந்து உணவு எடுத்துக்கொள்ளவில்லை. தயவுசெய்து உணவருந்தவும்."

அது முடிக்குமுன் வலது கைக் காப்பும் அதே குரலில் தொடங்கியது. "நேற்று இரவிலிருந்து உணவு எடுத்துக்கொள்ளவில்லை. தயவுசெய்து உணவருந்தவும்."

எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயா, ரெண்டும் சேர்ந்து சொல்லுது பாருங்க. போய்ச் சாப்பிடுங்க."

"அவ முழிக்கட்டும்மிணி."

"டேய் தம்பி," என்றாள் சரசு. "ஆபரேசன்னு அவளைப் பட்டினி போட்டாச்சு, அதுல ஒரு ஞாயம் இருக்குது. உன்ற வயித்துக்குள்ள ஒண்ணு இருக்குதே, அதும் அவளுதுதான. அதையுமா பட்டினி போடுவ?"

குழந்தைவேலு தன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"என்ன இருக்குது?"

"இட்டிலி. தயிர்சோறும் கட்டியாந்திருக்கறேன்."

"தயிரு அவ கண்ணு முழிச்சப்புறம். இட்டிலியைக் குடு."

மூன்றாவது இட்டிலியில் ஒரு காப்பு அடங்கியது. மற்றது விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தது, உணவருந்தவும், உணவருந்தவும் என்று. அவர் அதை மறுகையால் பொத்தி மடியில் வைத்துக்கொண்டார்.

"இரு புள்ள," என்றார் அதனிடம். "வந்ததும் சேந்து சாப்புடலாம்."